வளைந்த ஏராவிலிருந்து ஒரு புளூநோஸ்: கிட் கப்பல் கட்டிய முழு விவரம்

வெட்டிய துண்டுகளாகப் பெட்டியில் வரும் கிட்டை வைத்து நான் கட்டியது புளூநோஸ் கப்பலின் சிறிய மர மாதிரி. உண்மைப் புளூநோஸ், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனன்பர்க் துறைமுகத்தில் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறையில் கட்டி, 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கிய ஸ்கூனர், அதாவது பாய்களை நீளவாக்கில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். வரைந்தவர் வில்லியம் ரூயே, ஓட்டியவர் கேப்டன் ஆங்கஸ் வால்டர்ஸ். கிராண்ட் பேங்க்ஸ் கடலில் காட் மீன் பிடிக்கப் போகும் உழைப்புக் கப்பல்தான் அது. ஆனால் அந்த வருடமே சர்வதேச மீனவர் கோப்பைப் பந்தயத்தை வென்றது. 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் அதன் உருவம் இருக்கிறது. 1946இல் ஹைட்டி அருகே பாறையில் மோதி முடிந்துபோனது.

முதன்முறை மரக்கப்பல் கட்டுபவர்களுக்கு நான் எப்போதும் ஸ்கூனரைத்தான் சொல்வேன். மூன்று அடுக்கு பீரங்கியும் மூன்று பாய்மரமும் உள்ள போர்க்கப்பலைப் பார்த்ததும் ஆசை வரும், நியாயம்தான். ஆனால் ஸ்கூனரில் கயிறுகள் குறைவு. உடல் நீளமாக, சீராக ஓடும். மறைக்க இடமே கிடையாது. கோடு நேராக இருந்தால் தெரியும், கோணலாக இருந்தாலும் தெரியும். கற்றுக்கொள்ள அதுவே நல்ல இடம்.

எடுத்துக்கொண்ட கிட் 1:72 அளவு. உண்மைக் கப்பல் 43.6 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் அகலம் என்பதால் மாதிரியின் உடல் சுமார் 60 செ.மீ. நீளமும் 11.4 செ.மீ. அகலமும் வரும். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைக் கப்பலில் 72 மில்லிமீட்டர், அதாவது நாலு விரல் அகலம். இந்தக் கணக்கு கடைசிவரை கூடவே வரும்.

பெட்டியில் இருந்தவை வழக்கமானவைதான்: லேசரில் வெட்டிய 5 மி.மீ. பிளைவுட் ஏராத் தகடு, அதில் செருகும் குறுக்குச் சட்டங்கள், 5 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள பாஸ்வுட் பட்டைகள், பாய்மரங்களுக்கு உருளைக் குச்சிகள், வெள்ளை உலோக வார்ப்புகள், நூல் சுருள்கள், வரைபடத் தாள்கள். ஏரா என்பது கப்பலின் அடியில் முனைக்கு முனை ஓடும் கட்டை, அதன் தகடுதான் கப்பலின் முதுகெலும்பு. சட்டங்கள் அதில் குறுக்காக ஏறி உடலின் வடிவத்தைக் கொடுக்கும், அவற்றின் மேல் பட்டைகள் ஒட்டப்படும்.

சிக்கல்

எல்லாத் துண்டுகளையும் பட்டியலோடு சரிபார்த்த பிறகு, ஏராத் தகட்டைத் தடித்த கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். நடுப்பகுதி 2.5 மி.மீ. மேலே தூக்கி நின்றது. திருப்பிப் போட்டால் இரண்டு முனையும் தூக்கின. உண்மைக் கப்பலில் இது 18 செ.மீ. பக்கவாட்டு வளைவு. அப்படியே கட்டியிருந்தால் மேலிருந்து பார்க்கும்போது கப்பல் வாழைப்பழம் மாதிரி தெரியும்.

இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது வளைவா முறுக்கா என்பதுதான். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேரான குச்சியை ஒட்டி, ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குச்சிகளும் இணையாகத் தெரிந்தால் வெறும் வளைவு. ஒன்று மற்றதைச் சாய்வாக வெட்டினால் முறுக்கு. தச்சர்கள் கதவுச் சட்டத்துக்குச் செய்கிற அதே சோதனைதான். இங்கே குச்சிகள் இணையாக இருந்தன. முறுக்கு இருந்திருந்தால், தகட்டைப் புதுப் பிளைவுட்டில் படி எடுத்து வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் முடிவு. முறுக்கை அமுக்கி நிமிர்த்தினாலும் அது சட்டங்கள் வழியாக வெளியே வந்துவிடும்.

பிளைவுட் வளைவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை. ஒரு முகம் மற்றதைவிட அதிக ஈரத்தை வாங்கினால் அந்தப் பக்கம் விரியும், தகடு எதிர்ப்பக்கமாக வளையும். அதிலும் ஏராத் தகடு நீளமானது, ஒடுங்கியது, மேல்விளிம்பு முழுக்கச் சட்டங்களுக்கான வெட்டுகள் வேறு. தாங்கிப் பிடிக்க அதில் சதையே இல்லை.

நிமிர்த்துவதும் பூட்டுவதும்

குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். குழிந்த பக்கம்தான் குறுகியிருக்கிறது. ஈரம் பட்டால் அது விரிந்து தகடு நிமிரும். பிறகு எதிர்த்திசையில் சற்றே மிகையாக வளையும்படி நடுவில் ஒரு மெல்லிய அட்டையை வைத்து, கண்ணாடி மேல் பாரம் ஏற்றி, முழுவதும் காயும்வரை விட்டேன். எடுத்தபோது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வந்திருந்தது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஈரக்காற்று அடிக்கும்போது அதே வளைவு பாதி திரும்பி வரும், இந்தத் தகட்டிலும் வந்தது. தகடு நேராக இருக்க வேண்டுமென்றால் அதை நேராக இருக்கும்படி பூட்ட வேண்டும். அதற்கு நான் செய்தது இது.

ஒரு தடித்த கட்டுமானப் பலகையில் நடுக்கோடு போட்டு, அதன் இரண்டு பக்கமும் அலுமினியக் கோணச் சட்டங்களைத் திருகினேன். ஏராத் தகடு அவற்றுக்கு இடையில் இறுக்கமாக உட்காரும். கப்பலின் முன்முனையான அணியத்திலிருந்து பின்புறம் வரை தகட்டுக்கு மேலே ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டினேன். நூல் பொய் சொல்லாது. சட்டங்களைப் பசையில்லாமல் செருகி, ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பல சட்டங்களின் வெட்டுகளை லேசாக அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருந்தது. சட்டம் தட்டி ஏறும்படி இறுக்கமாக இருக்கக் கூடாது, தானாக வழுக்கி இறங்கி நிற்க வேண்டும். இறுக்கிச் செருகிய சட்டம் ஒவ்வொன்றும் தகட்டை ஆப்பு மாதிரி விரிக்கும். எல்லாம் சேர்ந்தால் நேரான தகடும் வளையும்.

பிறகு சட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் பைன் மரத்தில் இரண்டு கட்டைகள், இடம் ஒன்று வலம் ஒன்று, ஒரே நீளத்தில், முனைகள் செங்கோணமாக வெட்டப்பட்டவை. ஏராத் தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை மரப்பசையால் ஒட்டி, நூலைப் பார்த்துப் பார்த்து இறுக்கினேன். இந்த இடத்தில் உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை வேண்டாம். வெள்ளைப் பசை தரும் சில நிமிட அவகாசத்தில்தான் ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்ய முடியும். எல்லாம் காய்ந்த பிறகு தகடு தனித் தகடாக இல்லை, பெட்டி போல ஆகிவிட்டது. நூலுக்கும் தகட்டின் நடுவுக்கும் இருந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள். பலகையிலிருந்து கழற்றிய பிறகும் அது மாறவில்லை.

அதே சமயத்தில் பின்புறத்தில் இன்னொரு வேலை. ஏராத் தகடு 5 மி.மீ., அதன் முடிவில் நிற்கும் பின்தண்டும் 5 மி.மீ. இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. பட்டை வந்து சேர்ந்தால் 8 மி.மீ. ஆகிவிடும், பின்தண்டைவிட உடல் தடித்துப்போய் சுக்கான் பொருந்தாது. ஆகவே பட்டைகள் முடியும் அந்தப் பகுதியில் தகடு 2 மி.மீ. தடிமன் ஆகும்வரை உளியால் சீவி ஒடுக்க வேண்டும். இந்தக் கிட்டின் தாளில் இது ஒரு சின்ன அம்புக்குறியோடு நின்றுவிட்டது. அணியத்திலும் அதே மாதிரி, பட்டையின் முனை புதைய ஒரு பள்ளக்கோடு வெட்டிக்கொள்ள வேண்டும். இது இல்லாவிட்டால் பட்டை முனைகள் தண்டின் மேல் பிதுங்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சரிவு தேய்த்தல்

குறுக்குச் சட்டங்களின் விளிம்பு லேசரில் செங்கோணமாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் கப்பல் அணியத்தை நோக்கி ஒடுங்குகிறது. பட்டை சாய்ந்துதான் வருகிறது. சட்டத்தின் விளிம்பையும் அந்தச் சாய்வுக்குத் தேய்க்க வேண்டும். கட்டுமானத்தில் என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான வேலை. பசையும் இல்லை, பட்டையும் இல்லை, பார்த்தால் ஒன்றும் முன்னேறாத மாதிரி இருக்கும். நிதானமாக இருக்க வேண்டும்.

நீளமான மரத்துண்டில் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களாவது தொடும்படி இழுத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகத் தேய்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். அப்புறம் ஒரு முழு நீளப் பட்டையை எடுத்துச் சட்டங்களின் மேல் வளைத்துப் பிடித்துப் பார்ப்பது. பட்டை ஒவ்வொரு சட்டத்தின் முழு விளிம்பிலும் உட்கார வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். இடது பக்கம் மூன்றாவது சட்டத்தில் பட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பள்ளம். மற்ற சட்டங்களை அதற்கு இணையாகக் குறைத்தால் கப்பலே ஒல்லியாகிவிடும். எனவே அந்த விளிம்பில் ஒரு மெல்லிய மரச்சீவலை ஒட்டி, காய்ந்ததும் மறுபடி தேய்த்தேன். வெளிச்சம் மறைந்தது.

புளூநோஸின் அணியத்துக்கு ஒரு தனி விஷயம் உண்டு. முன்பகுதியில் மாலுமிகள் தங்கும் அறைக்குத் தலையிடிக்காத உயரம் வேண்டும் என்று, கட்டும்போது அணியத்தை வரைபடத்தைவிட உயர்த்தினார்கள். அதனால் மேல்விளிம்புக் கோடு முன்னால் போகப் போக ஒரு துள்ளலோடு ஏறும். அந்தக் கப்பலின் முகமே அந்தத் துள்ளல்தான். முதல் பட்டையைத் தாழ்வாகப் போட்டால் கப்பல் வேறு ஏதோ ஒரு ஸ்கூனராகிவிடும்.

பட்டை ஒட்டுதல்

பட்டையைத் தட்டையாக வளைக்கலாம், ஆனால் அகலவாக்கில் வளைக்க முடியாது. இந்த ஒரு உண்மை புரிந்துவிட்டால் பட்டை ஒட்டுவது பயமுறுத்தாது. நேரான பட்டையை வற்புறுத்தி இறக்கினால் அதன் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும், அடுத்த பட்டையோடு ஓடு வேய்ந்த மாதிரி படிப்படியாக நிற்கும். பட்டை எங்கே போக விரும்புகிறதோ அங்கே போகும்படி அதன் அகலத்தை நாம் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கு இப்படி. கப்பலின் நடுவில் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அளந்தால் 95 மி.மீ. பட்டை 5 மி.மீ. என்றால் 19 வரிசை. அணியத்தில் அதே 19 வரிசைக்குக் கிடைக்கும் இடம் 57 மி.மீ. ஆக ஒவ்வொரு பட்டையும் முன்முனையில் 3 மி.மீ. அளவுக்கு ஒடுங்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கக் கூடாது என்பது கப்பல் தச்சர்களின் பழைய விதி, 3 மி.மீ. அதற்குள் அடங்குகிறது. அடங்காவிட்டால் இரண்டு பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டும். பின்புறத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே இடம் அதிகம், பட்டைகள் விரிந்துபோய் நடுவில் ஆப்பு வடிவ இடைவெளி விழும். அதில் கூர்மையான நிரப்புப் பட்டைகள் வரும். உண்மைக் கப்பலிலும் அப்படித்தான் செய்தார்கள், அதனால் அது ஒட்டுப்போடுவது ஆகாது.

உடலை மூன்று பட்டிகளாக மெல்லிய குச்சிகளால் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்குள்ளும் தனியாக அளந்துகொண்டேன். ஒரு பட்டியில் வரும் சிறு பிசகு அடுத்ததற்குப் போகாது. ஒவ்வொரு பட்டையையும் இழைப்புளியால் ஒடுக்கி, முன்முனையைத் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, கப்பலிலேயே கிளிப் போட்டுக் காயவிட்டு, மறுபடி எடுத்து ஒட்டினேன். ஈரமாக ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும்.

இடது பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே வலது பக்கம் ஒன்று. வளைந்த ஏராவோடு தொடங்கிய கப்பலில் இது கட்டாயம். ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் பசையும் பட்டையும் காயும்போது அந்தப் பக்கமாக உடலை இழுக்கும். சில வரிசைகளுக்கு ஒருமுறை நூலைக் கட்டிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகவே இருந்தது.

புளூநோஸ் கறுப்பு உடலும் செம்பழுப்பு அடிப்பாகமும் கொண்டது என்பதால் பட்டைகள் பெயிண்டில் மறையும், நிரப்பு மாவு போடலாம். ஆனால் கறுப்பு மினுக்கம் எல்லாக் குழிகளையும் காட்டிக்கொடுக்கும். சாம்பல் ப்ரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணை மூடி விரல் நுனியால் தடவிப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

கறுப்பும் செம்பழுப்பும் சந்திக்கும் நீர்மட்டக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூனரின் ஏரா பின்னால் ஆழமாக இறங்கும். நீர்மட்டத்துக்கு இணையாக இருக்காது. கப்பலை ஏராவின் மேல் மேசையில் நிறுத்திக் கோடு போட்டால் கோடு சரிந்துவிடும். வரைபடத்தில் முன்னும் பின்னும் நீர்மட்ட உயரத்தைக் குறித்து, அணியத்தின் கீழ் கட்டை வைத்து, இரண்டு புள்ளியும் மேசையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்வரை தூக்கி, அதன் பிறகு கட்டையில் கட்டிய பென்சிலைச் சுற்றி ஓட்ட வேண்டும்.

மேல்தளம்

மேல்தளத்தில் பலகைகளுக்கு நடுவே உண்மைக் கப்பலில் சணல் நாரும் தாரும் அடைத்திருப்பார்கள். அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டப் பலர் கறுப்பு அட்டை ஒட்டுகிறார்கள். ஒரு செ.மீ. அகலமான இடுக்கு 1:72இல் 0.14 மி.மீ. தான். பட்டையின் விளிம்பில் மென்மையான பென்சிலை ஓட்டினால் போதும். ஆணி மறைக்கும் மரமுளைகள் இந்த அளவில் அரை மில்லிமீட்டரைத் தொடாது. அவற்றை நான் போடவில்லை. பெரிதாகப் போட்ட முளைகள் மேல்தளத்தை அம்மை போட்ட மாதிரி ஆக்கிவிடும்.

பாய்மரமும் கயிறும்

இரண்டு பாய்மரங்களையும் பசையில்லாமல் நிறுத்தி, நேர் முன்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தேன். ஏரா உண்மையில் நேராக இருக்கிறதா என்பதற்கு இதுதான் கடைசிச் சோதனை. முன்மரம் பின்மரத்தை முழுக்க மறைத்து நின்றது. உடலில் முறுக்கு இருந்தால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி விரியும். அப்போது கயிற்றால் இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு, அது நிற்காது.

கயிறுகளில் பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை என்பதால் கறுப்பு, பாயை இழுக்கும் ஓடும் கயிறுகள் வெளிர் நிறம். பழைய ஆங்கில வரைபடங்களில் கயிற்றின் அளவு என்று எழுதியிருப்பது சுற்றளவு, விட்டம் அல்ல. 3.14ஆல் வகுக்காமல் நூல் வாங்கினால் கப்பல் முழுக்கக் கம்பி கட்டின மாதிரி கனத்துவிடும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறுகளை வலம், இடம் என்று மாற்றி மாற்றி ஜோடியாகக் கட்டினால் மரம் சாயாது. கீழே கயிற்றை இறுக்கும் மூன்று துளை வட்டக் கட்டைகளின் இடைவெளி ஒரே அளவாக வர, கம்பியை வளைத்து ஒரு அளவுகோல் செய்துகொண்டேன்.

ஏணிப்படிக் கயிறுகள் உண்மையில் 35 முதல் 38 செ.மீ. இடைவெளியில் வரும், மாதிரியில் 5 மி.மீ. கோடு போட்ட காகிதத்தைப் பின்னால் வைத்து ஒவ்வொரு முடிச்சாகப் போட வேண்டும். முடிச்சைச் சுண்டி இழுக்கக் கூடாது. இழுத்தால் தாங்கு கயிறுகள் நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும்.

பாய்களை விரிக்காமல் சுருட்டியே கட்டினேன். ஒரு மில்லிமீட்டர் தடித்த கான்வாஸ் இந்த அளவில் காகிதத்தைவிட மெல்லியது. கையில் கிடைக்கும் துணி 0.2 மி.மீ. என்றால் அது உண்மையில் 14 மி.மீ. தடித்த பாய். சுருட்டும்போதும் முழுப் பாயையும் சுருட்டினால் மூட்டையாகிவிடும். பாயின் உயரத்தை மூன்றில் ஒரு பங்காக வெட்டிச் சுருட்டினால் பாயின் அடியில் வரும் மரமான கீழ்ப்பருமலின் மேல் அடக்கமாகப் படுக்கும்.

கட்டிய பின்

ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்துபோன பிறகு மறுபடி நூல் கட்டிப் பார்த்தேன். ஏரா நகரவில்லை. பட்டைகளில் ஒரு இடத்தில் மட்டும், பின்புறத்து நிரப்புப் பட்டையின் கூர்முனை ஓரமாகப் பெயிண்டில் மயிரிழைக் கோடு விழுந்திருந்தது. அந்தப் பட்டைக்குப் பின்னால் சட்டம் இல்லை, வெறும் வெளி. ஒட்டப் பிடிமானம் போதவில்லை. அடுத்த கப்பலில் பின்புறத்தின் கடைசி இரண்டு இடைவெளிகளையும் முழுக் கட்டையாக நிரப்பி வடிவம் தேய்த்துக்கொள்ளப் போகிறேன்.

கிட்டில் வந்த உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் மேல்தளத்தில் அடுக்கும் சின்ன மீன்பிடிப் படகுகளான டோரிகளை மெல்லிய மரத்தில் நானே செய்தேன். மூடிய பெட்டிக்குள் மரமும் பசையும் விடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரிக்கும். ஓக் மரப் பெட்டியானால் இன்னும் வேகமாக. நங்கூரமும் சின்னச் சின்ன வளையங்களும் மட்டும் வார்ப்பாகவே இருக்கின்றன. அவற்றுக்காகக் கண்ணாடிப் பெட்டியின் அடிப்பலகையில் காற்றுத் துளைகள் போட்டு, தூசி ஏறாதபடி உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டியிருக்கிறேன்.